மூன்று முறை விழுந்தது

கெண்டியின் மூக்கு தனியே,
உடம்பு ஐந்து துண்டாய்த் தனியே,
மூடி மட்டும்
தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல்.
பெர்கனிலிருந்து நான்கு படங்கள்
அனுப்பியிருக்கிறார் தூர்டிஸ்.
கீழே ஒரே வரி:
இப்படித்தான் வந்தது.

படத்தைப் பெரிதாக்குகிறேன்.
நான் ஒட்டிய பழுப்பு நாடா.
நான் கசக்கித் திணித்த செய்தித்தாள்,
அதில் பாதி முகத்தோடு ஒரு கூடைப்பந்து வீரன்.
பெட்டியின் ஒரு மூலை
யாரோ முழங்காலை ஊன்றி எழுந்ததுபோல்
அமுங்கிக் கிடக்கிறது.
யாருடைய முழங்கால் என்பதுதான் வழக்கு.

கூரியரில் சொன்னார்கள்: பொதிந்தது போதாது.
யார் முடிவு செய்தது என்றேன்.
படிவம் ஏழில் கேளுங்கள் என்றார்கள்.
சந்தையின் விதி இன்னும் சுருக்கம்:
விற்றவருக்கு நாற்பத்தெட்டு மணி நேரம்,
வாய்தா கிடையாது;
ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும்
உள்ளே இருப்பது உடையக் கூடாது.

ஒரு மீட்டர்.

இரண்டாம் நாள் இரவு அளவுநாடாவை எடுத்தேன்.
அதே நீலத்தில், அதே ஆலை முத்திரையோடு
இன்னொரு கெண்டி இருந்தது என்னிடம்,
முப்பத்தியிரண்டு யூரோ.
குமிழித்தாள் எத்தனை சுற்று?
மூன்று என்று பதிலில் எழுதி வைத்திருந்தேன்.
அன்றைக்குத் தபால் நிலையம் மூடப் பத்து நிமிடம்,
நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் இரண்டு.
இரண்டே சுற்றினேன்.

கைப்பிடிக் கம்பியில் போனைச் சாய்த்துவிட்டு
மாடிப்படித் திருப்பத்தில் கையை விட்டேன்.
கட்டிடம் முழுக்க ஒரு சத்தம்.
காலுறையோடு கதவைத் திறந்தார் ஸிக்மாஸ்.
என்ன விழுந்தது, வைவா?
சாட்சியம், என்றேன்.

பாதித் தூக்கத்தில் இருந்தவர்
நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
இது தொண்ணூற்றிரண்டுதான் என்றார்.
மறுபடியும் போட்டோம், சரியாக ஒரு மீட்டர்.
மூன்றாவதை அவரே போட்டார்,
தலைக்கு மேல் தூக்கி,
எந்த விதியிலும் இல்லாத உயரத்திலிருந்து.

பிரித்தோம்.
முழுசாக இருந்தது.
நடுராத்திரி என்பதால் ஓசையில்லாமல் கைதட்டினோம்.
ஆனால் ஒவ்வொரு முறை விழும்போதும்
உடையும் சத்தத்துக்காகவும் ஒரு காது
காத்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

வீடியோவை அனுப்பப் போனால்
பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.
இந்த வழக்கு முடிந்தது,
தொகை வாங்கியவருக்குத் திருப்பித் தரப்பட்டது.
நான் படித்த நேரத்திலிருந்து எண்ணினேன்,
அவர்கள்
தூர்டிஸ் அனுப்பிய நேரத்திலிருந்து.

வெளியே கடைசி டிராலி பஸ்,
பனி உறைந்த கம்பியில் பொறி பறக்கப் போனது.
பெர்கனில் மழையாக இருந்திருக்கும்.
ஈரக் கையுறை, வாசல்படி, அவசரம்.
வழுக்கியிருக்கலாம்.
வழுக்காமலும் இருந்திருக்கலாம்.
ஓஸ்லோ கிடங்கில் எவனோ ஒருவன்
என் பெட்டிமேல் ஏறி நின்று
மேல்தட்டுப் பெட்டியை எடுத்திருக்கலாம்.

நான்காவது படத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.
ஓரத்தில் ஒரு கட்டைவிரல்,
அதில் பிளாஸ்டர்.
மூன்று பத்தி எழுதி வைத்திருந்தேன்,
சட்டம், ஆதாரம், ஒரு சின்ன மிரட்டல்.
அழித்தேன்.
விரல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.
அறுபத்தைந்து யூரோ போனவள்
கேட்கிற கேள்வியா இது?

தப்பித்த கெண்டியை மறுநாள் விற்பனைக்கு வைத்தேன்.
"நிலை" என்ற கட்டத்தில்
புதியது, பழையது, பழுதானது
மூன்றில் ஒன்றைத் தொடச் சொன்னது.
எதையும் தொட முடியவில்லை.
குறிப்பில் எழுதினேன்:
மூன்று முறை விழுந்தது. விரிசல் இல்லை.
ரிகாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்,
ஏன்?

வியாழக்கிழமை தூர்டிஸிடமிருந்து பதில்:
விரல் ஆறிவிட்டது.
துண்டுகளை எறிந்துவிட்டேன்.
மூடி என் சர்க்கரைக் கிண்ணத்துக்குக்
கச்சிதமாகப் பொருந்துகிறது, நன்றி.

ஸிக்மாஸுக்கு வாசித்துக் காட்டினேன்.
மூடிக்கு மட்டும் என்ன விலை போடலாம் என்று
அளவுநாடாவைச் சுருட்டியபடியே
கணக்குப் பார்க்கிறார் மனுஷன்.